இரண்டு சின்ன ஹார்ன்

புதிதாக வந்திருக்கும் டிரைவர் பிள்ளைகளுக்கு உற்சாகமூட்டும்படி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உற்சாகம் என்னிடம் ஸ்டாக் இல்லை என்றேன். பரவாயில்லை, உங்கள் அனுபவத்தையாவது எழுதுங்கள் என்றார்கள். சரி, கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. வேலைக்கு வேண்டிய கையேடுகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் உங்களிடம் இருக்கின்றன. அவற்றில் இல்லாத ஒன்றை நான் தமிழில் எழுதுகிறேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

வடக்கே பட்டர்வொர்த், தெற்கே கெமாஸ். என் வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஓடியது. டிரைவர் செய்யக்கூடிய தப்பு அத்தனையும் செய்திருக்கிறேன். ஒருமுறை ஈப்போவில் பிளாட்பாரத்தைத் தாண்டி ரயிலை நிறுத்திவிட்டேன். முதல் பெட்டிக் கதவு திறந்தால் எதிரே புதர்தான். இறங்கத் தயாராக நின்ற ஓர் ஆன்டி பெட்டியும் கையுமாக என்னைப் பார்த்து, "தம்பி, இங்கயா எங்க வீடு?" என்று கேட்டார். அதற்காக என்னை டெப்போவில் ஒரு வருஷம் கிண்டல் செய்தார்கள். அந்த மாதிரித் தப்பெல்லாம் ஆறிவிடும், கவலைப்படாதீர்கள். ஆறாத ஒன்றைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன்.

தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் பெரிய ஸ்டேஷனிலிருந்து தெற்கே கிளம்பினால் சற்று நேரத்தில் சாலாக் செலாத்தான் வரும். உள்ளூர் ரயில் அங்கே நின்று போகும். நம்முடைய தூர ரயில் நிற்காது, வேகமும் குறையாது. ஸ்டேஷனைத் தாண்டி ஒரு வளைவு. வளைவின் இடது பக்கம் பழைய ஃப்ளாட் வீடுகள், வலது பக்கம் பாசார் என்கிற சந்தை, பஸ் நிற்கும் ரோடு. ஜனங்கள் தண்டவாளத்தைத் தாண்டினால் இரண்டு நிமிஷத்தில் பஸ் ஸ்டாப். ஒழுங்காக ஸ்டேஷன் மேம்பாலம் வரை நடந்து, ஏறி இறங்கி வந்தால் அரை மணி நேரம். முன்பு அந்த இடத்தில் மண்பாதை இருந்தது. மின்சார ரயில் வரப்போகிறது என்று வேலி போட்டார்கள், பாதை ஓட்டையாயிற்று. வேலிக் கம்பியை யாரோ ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வெட்டி வைத்திருந்தார்கள்.

நான் உதவியாளாக இருந்த டீசல் காலத்திலேயே எனக்கு அந்த இடத்தைக் காட்டியவர் ஒரு சீனியர் டிரைவர். பேர் வேண்டாம், செத்துப்போன மனிதர். வாயைத் திறந்தால் திட்டு, கை மட்டும் தங்கம். அந்த வளைவு வந்தால் ஹார்னை இரண்டு முறை சின்னதாக அடிப்பார். அங்கே ஹார்ன் அடிக்கச் சொல்லும் போர்டு இல்லையே என்று ஒருநாள் கேட்டேன். "போர்டு இல்லடா, ஜனம் இருக்கு. அடி," என்றார். இதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டாமா என்றேன். எழுதினால் பாதையை மூடிவிடுவார்கள், மூடினால் ஜனம் பாவம் எங்கே போகும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு அது பெரிய மனசாகப் பட்டது. நானும் அடித்தேன், நானும் எழுதவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன்.

உங்களுக்கும் ரிப்போர்ட் புத்தகத்தைக் காட்டியிருப்பார்கள். வேலி உடைந்திருந்தால், ஆள் நடமாட்டம் தெரிந்தால் டிரைவர் அதில் எழுத வேண்டும். நான் எதையும் விடாமல் எழுதுகிறவன். கண்ணாடித் துடைப்பான் முனகுகிறது, கேபினில் குளிர் போதவில்லை, செர்டாங் பக்கம் மாடு நிற்கிறது, எல்லாம் எழுதியிருக்கிறேன். சாலாக் செலாத்தான் ஓட்டையைப் பற்றி மட்டும் என் கையெழுத்தில் ஒரு வரி கிடையாது. மற்ற டிரைவர்கள் கையெழுத்திலும் கிடையாது. எங்களுக்குள் யாரும் கூடிப் பேசி வைத்ததில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

காலை ஏழே முக்கால் வாக்கில் கெமாஸ் போகும் ரயில் அந்த வளைவைத் தாண்டும். வாரத்தில் மூன்று நாலு நாள் என் கையில் இருக்கும். அந்த நேரத்தில் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்பாள். மழையோ வெயிலோ, கையில் மஞ்சள் குடை. நான் இரண்டு ஹார்ன் அடிப்பேன், அவள் குடையை லேசாகத் தூக்குவாள், ரயில் போனபிறகு தாண்டுவாள். வருஷக்கணக்கில் இப்படியே. எனக்கு அவள் பேர் தெரியாது. கேபினில் எனக்குள்ளேயே மஞ்சக்குடை என்றுதான் சொல்லிக்கொள்வேன். அவளைப் பார்க்காத நாளில் ஏதோ குறைந்தது போல இருக்கும். காலையில் ஒருவருக்கு நல்லது செய்துவிட்டோம் என்ற திருப்தியோடு காஜாங்கைத் தாண்டுவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் திருப்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஒரு லீவு நாளில் அந்தப் பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். போட்டிருந்தது பழைய யூனிபார்ம் சட்டை. காய்கறிக் கடையில் மஞ்சள் குடையோடு ஒரு பெண் என் சட்டையைப் பார்த்துவிட்டு அருகே வந்தாள். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். ரயில் ஓட்டுகிறவரா என்று கேட்டாள். காலை ரயில், ஹார்ன் என்றெல்லாம் பேசியதில் நான் யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. ஒரு கிளினிக்கில் கூட்டித் துடைக்கிற வேலை, எட்டு மணிக்குப் பஸ். வீட்டில் அம்மா கைகால் விழுந்து படுக்கையில் இருக்கிறாராம். அம்மாவுக்குத் துடைத்து, ஊட்டி, மருந்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

நான் பெரிய மனுஷத் தோரணையில், மேம்பாலத்தைச் சுற்றி வந்தால் என்ன என்றேன். அந்த அரை மணி நேரத்தை எங்கே போய் எடுப்பேன் என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணே, அந்த பாகார் வேலி ஓட்டையப் பத்தி மேல சொல்லிடாதீங்கண்ணே. அத அடைச்சா எனக்கு வேல போயிரும்."

"சொல்ல மாட்டேம்மா," என்றேன்.

"நீங்க ஹார்ன் அடிக்கிற வரைக்கும் எங்களுக்கு ஒன்னும் ஆகாதுண்ணே."

இதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தேன். மீன் வாங்க மறந்துவிட்டு வந்தேன் என்று மனைவியிடம் ஏச்சும் வாங்கினேன்.

பிறகு வளைவின் வலது பக்கம், பாசாருக்குப் பின்னால், ஒரு கொண்டோ அடுக்குமாடி எழும்பியது. குடி வந்தவர்கள் காலையில் ஹார்ன் சத்தம் தாங்க முடியவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். விடிந்தும் விடியாததுமாக வீட்டு ஜன்னலுக்குக் கீழே ரயில் ஹார்ன் அடித்தால் நான்கூடப் புகார் கொடுப்பேன். எங்கள் அதிகாரி ஒரு மலாய்க்காரர், பொறுமையான மனிதர். அவர் புத்தகங்களை எடுத்துப் புரட்டிப் பார்த்திருக்கிறார். அந்த இடத்தில் வேலி உடைந்ததாகவோ ஆள் தாண்டுவதாகவோ எங்குமே இல்லை. அப்புறம் எதற்கு ஹார்ன்? ஒரு வெள்ளிக்கிழமை அறிவிப்பை ஒட்டினார்கள். திங்கட்கிழமை முதல், தண்டவாளத்தில் ஆள் தெரிந்தால் மட்டும் அந்த வளைவில் ஹார்ன் அடிக்கலாம். மற்றபடி அடித்தால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். அடிக்கிற ஹார்ன் ஒவ்வொன்றும் ரயிலில் பதிவாகிறது, ஏமாற்ற முடியாது.

நான் அதிகாரியின் அறைக்குப் போனேன். இந்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய இடம் இதுதான். அங்கே ஹார்ன் வேண்டும் என்றேன். ஏன் என்றார். பழக்கம் என்றேன். பழக்கம் காரணம் ஆகாது, அங்கே ஏதாவது உண்டா, இருந்தால் சொல்லுங்கள், இப்பொழுதே உத்தரவை மாற்றுகிறேன் என்றார். உண்மையாகவே மாற்றியிருப்பார். நான் வாயைத் திறந்தால் ஓட்டையைச் சொல்ல வேண்டும். ஓட்டையைச் சொன்னால், இத்தனை வருஷம் ஏன் எழுதவில்லை என்று கேட்பார். ஓய்வுக்கு எட்டு மாசம்தான் பாக்கி. அதோடு அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு வேறு இருந்தது. பயத்தை வாக்கால் மூடிக்கொண்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்தப் பெண்ணைத் தேடிப் போய், இனிமேல் ஹார்ன் வராது, பார்த்துத் தாண்டு என்று சொல்லியிருக்கலாம். எனக்குச் சனியும் ஞாயிறும் லீவு. செந்தூலில் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். நினைப்பு வராமல் இல்லை. அவள் கண்ணால் பார்த்துத்தானே தாண்டுவாள், குழந்தையா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

திங்கட்கிழமை நல்ல மழை. வளைவு வந்தது. கை தானாக ஹார்ன் பக்கம் போயிற்று. ஓட்டைப் பக்கம் பார்த்தேன், மஞ்சள் குடை இல்லை. மழைக்கு இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை போலிருக்கிறது, நல்லதாயிற்று என்று நினைத்தேன். உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

அவள் ஓட்டைக்குள் நுழைந்து இந்தப் பக்கம், தண்டவாளத்தோரச் சிக்னல் பெட்டி மறைவில், மழைக்கு ஒதுங்கி நின்றிருக்கிறாள். நான் குடை இல்லாததை நம்பினேன், அவள் சத்தம் இல்லாததை நம்பினாள். டீசல் வண்டியாக இருந்தால் தரை அதிர்ந்திருக்கும். மின்சார ரயில் மழையில் வருவது பக்கத்தில் வரும்வரை கேட்காது. குடையை முன்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மஞ்சள் தெரிந்தது. பிரேக்கை அழுத்தினேன், ஹார்னுக்கு நேரமில்லை. அதற்குமேல் எழுத எனக்கு முடியவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். ரயில் வெகு தூரம் போய்த்தான் நின்றது. பின்னால் பெட்டிகளில் ஜனங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வசந்தா என்று பேர். போலீஸ்காரர் அடையாளக் கார்டைப் பார்த்துப் படித்தபோதுதான் தெரிந்துகொண்டேன்.

விசாரணையில் என்மேல் தப்பில்லை என்று முடிவாயிற்று. வேகம் சரி, பிரேக் சரி, உத்தரவுப்படி ஹார்ன் அடிக்கவில்லை, அத்துமீறித் தண்டவாளத்தில் இறங்கியது அவள்தான். அங்கே ஆட்கள் தாண்டுவது உங்களுக்கு முன்பே தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்டார்கள். எப்போதாவது பார்த்திருக்கிறேன் என்றேன். எப்போதாவதாம். என் நாக்கு அழுகியிருக்க வேண்டாமா? டெப்போவில் எல்லாரும் தோளைத் தட்டி, உங்க மேல தப்பில்ல லா என்றார்கள். கடிதத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தை நான் கிழிக்கவில்லை, அலமாரியில் இருக்கிறது. யாராவது ஒருவர் என்னைச் செருப்பால் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு அவள் வீட்டுக்குப் போனேன். வசந்தாவின் தம்பி கிள்ளானிலிருந்து வந்திருந்தான். ரயிலிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னேன், ஓட்டியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆபீசிலிருந்து யாரோ மரியாதைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலி போட்டான். ஹார்ன் அடிக்காமல் எப்படி ரயில் வந்தது, இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அப்படி நடந்ததில்லையே என்று என்னிடமே கேட்டான். கட்டிலில் படுத்திருந்த அம்மா கையசைத்துக் கூப்பிட்டார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆனாலும் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"ஹார்ன் சத்தம் இங்க கேக்கும்யா. கேட்டா, ரயிலு போயிருச்சு, புள்ள தாண்டிரும்னு தூங்கிருவேன். அன்னைக்கி கேக்கவே இல்ல. ரயிலு லேட்டுன்னு நெனச்சேன். புள்ள மழையில நிக்கிதேன்னு கவலப்பட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

எழுந்து வந்துவிட்டேன். போட்டு வைத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. அந்த அம்மாவைப் பிறகு தம்பி கிள்ளானுக்குக் கொண்டுபோய்விட்டான். அங்கே அவன் வீட்டுக்கு ரயில் சத்தம் கேட்காது என்று சொன்னார்கள். அதன்பிறகு ஆறு மாசம்தான் உயிரோடு இருந்தார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்து அந்த ஓட்டையைப் பற்றி எழுதினேன். மூன்று வரிதான். எழுத இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டே வாரத்தில் இரும்புத் தகடு வைத்து அடைத்தார்கள், ஹார்ன் உத்தரவையும் எடுத்துவிட்டார்கள். ஃப்ளாட் ஜனங்கள் எங்களைச் சபித்தார்கள். கொஞ்ச நாளில் இருபதடி தள்ளி வேறு இடத்தில் வெட்டினார்கள். மறுபடியும் எழுதினேன், மறுபடியும் அடைத்தார்கள். அதற்குள் ஓய்வுக் காலம் வந்துவிட்டது. மாலை போட்டுப் பேசியவர்கள் எல்லாரும் என்னை மனிதாபிமானம் உள்ள டிரைவர் என்றார்கள்.

போன மாசம் ஒரு காலை, மனசு கேட்காமல், சாலாக் செலாத்தானுக்குப் போனேன். ஓட்டை இருக்கிறது. பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே, முன்பைவிடப் பெரிதாக. ஐந்தாறு பேர் நின்றார்கள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு ஒருவர் எனக்குப் பக்கத்தில் நின்றார். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, புதுசா என்று கேட்டார். பிறகு அவரே தைரியம் சொன்னார்.

"பயப்படாதீங்க அங்கிள். ரயிலு வந்தா ரெண்டு ஹார்ன் அடிப்பாங்க. அடிக்கலன்னா தாராளமா தாண்டலாம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் இரண்டு சின்ன ஹார்ன் கேட்டது. நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ரயில் போயிற்று, அவர்கள் தாண்டினார்கள். ஒரு பெண் திரும்பி வந்து, தலை சுற்றுகிறதா அங்கிள் என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

அங்கிருந்து நேராக டெப்போவுக்குப் போனேன். பழைய பழக்கத்தில் உள்ளே விட்டார்கள். ரிப்போர்ட் புத்தகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். துடைப்பான் இருக்கிறது, குளிர் இருக்கிறது, மாடுகூட இருக்கிறது. அந்த இடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. கையோடு அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது புதியவர் ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர் சொல்வதைப் புத்தகத்தில் ஏற்ற முடியாது, ஓட்டுகிற டிரைவர் எழுத வேண்டும் என்றார். சட்டப்படி அவர் சொல்வது சரிதான்.

எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அடைப்பார்கள், வெட்டுவார்கள், மறுபடியும் எழுத வேண்டும். ஜனங்கள் உங்களைச் சபிப்பார்கள். எழுதிக்கொண்டே இருந்தால் ஒருநாள் அங்கே ஒரு பாலம் வரலாம், வராமலும் போகலாம். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் நான் அன்றைக்கே எழுதியிருந்தால் அந்தப் பழைய அதிகாரி ஹார்னை நிறுத்தியிருக்க மாட்டார். அது மட்டும் எனக்குத் தெரியும்.

காலை ரயிலில் அந்த வளைவில் ஹார்ன் அடிப்பது உங்களில் யார் என்று நான் விசாரிக்கவில்லை. யாராக இருந்தாலும், நாளைக்கே உன்னை வேறு வண்டிக்கு மாற்றலாம். உனக்குக் காய்ச்சல் வரலாம். கொண்டோவிலிருந்து இன்னொரு புகார் வரலாம். அன்றைக்கு அந்த நாசி லெமாக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு நின்று, ஒன்றும் கேட்கவில்லை என்று இறங்குவார். புத்தகம் டெப்போ மேசைமேல்தான் இருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்குகிறது. நீ நல்ல பிள்ளை என்று எனக்குத் தெரியும். நானும் நல்லவனாகத்தான் இருந்தேன்.